தாம்பரத்துக் காட்டில் ஒரு முற்பகல்

தாம்பரம் ரயில் நிலையத்தின் கிழக்குப் பக்கம் இறங்கியதும் ஆட்டோக்காரர்களின் அழைப்பு, பஸ் ஹாரன், கொய்யாப்பழக்காரம்மாவின் குரல் எல்லாம் ஒன்றாக வந்து மோதும். சென்னை கிறித்தவக் கல்லூரியின் வாசலைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால் அந்தச் சத்தங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும். கடைசியில் விடைபெறுவது ஹாரன்தான். அதுவும் போனபின், "இப்போ என்ன கேக்குது?" என்று அக்கா மகளிடம் கேட்டேன். நின்று காதைக் கொடுத்துவிட்டு, "சருகு, மாமா" என்றாள்.

கல்லூரி பார்க்க வந்த பெண்ணிடம் கேட்கிற கேள்வியா இது? அக்கா எங்களிடம் கொடுத்தனுப்பிய பட்டியலில் இது இல்லைதான். ஃபீஸ் எவ்வளவு, ஹாஸ்டல் உண்டா, படித்து முடித்தால் வேலை கிடைக்குமா என்பவைதான் இருந்தன. அலுவலக ஜன்னலில் கால் மணி நேரத்தில் அவற்றை முடித்துவிட்டோம். வீட்டில் உட்கார்ந்து போனிலேயே முடித்திருக்கலாம். இவ்வளவு தூரம் ரயிலேறி வந்தது, காலால் நடந்தால் மட்டும் தெரிகிற சங்கதிகளுக்காக.

முந்தைய வாரம் வேறொரு கல்லூரிக்குப் போயிருந்தோம், பெயர் வேண்டாம். குளிரூட்டிய அரங்கில் உட்காரவைத்துப் படம் போட்டார்கள். பஸ்ஸில் ஏற்றி வளாகத்தைச் சுற்றிக் காட்டினார்கள். மாதிரி அறை என்று ஒன்றைத் திறந்தார்கள்; கட்டிலில் போட்டிருந்த விரிப்பின் மடிப்பு இன்னும் கலையவில்லை. குளியலறையைப் பார்க்கலாமா என்று அவள் கேட்டபோது, "அடுத்த பேட்ச் வெயிட் பண்றாங்க" என்று பதில் வந்தது. மனிதர் புழங்கிய தடம் எங்கேயாவது தட்டுப்படுமா என்று வெளியே வரும்வரை தேடினேன்.

தாம்பரத்தில் அந்தத் தடத்துக்குப் பஞ்சமில்லை. வளாகம் 365 ஏக்கர். 1837-இல் நகரத்துக்குள் பள்ளிக்கூடமாகத் தொடங்கிய நிறுவனம், பாரிமுனைப் பக்கத்து நெரிசலில் இடம் போதாமல், சரியாக நூறு ஆண்டு கழித்து 1937-இல் இங்கே குடிபெயர்ந்தது. அப்போது இது சேலையூர்க் காடு. எட்வர்ட் பார்ன்ஸ் என்ற ஆசிரியரும் அவருடைய மனைவி ஆலிஸும் இங்கே மரம் வைத்தவர்கள். இதில் நான் ரசிக்கிற நுணுக்கம் ஒன்று உண்டு. பார்ன்ஸ் தாவரவியல் ஆசிரியர் அல்லர், வேதியியல்காரர். சோதனைக் குழாயைக் கீழே வைத்துவிட்டு மலையேறிக் காசித்தும்பை இனங்களைத் தேடி விவரித்து எழுதியவர். ஒரு காட்டுச் செடி இனமே தாவரவியல் பெயரில் அவரைச் சுமக்கிறது. தன் பாடத்துக்கு வெளியே ஓர் ஆசிரியருக்கு இத்தனை ஆசை இருந்திருக்கிறது என்பதற்கு அவர் வைத்த மரங்களைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

நட்ட மரங்களையும் தானாக நின்ற காட்டையும் பிரித்துப் பார்க்கக் கண் பழக வேண்டும். நட்டவை பாதையோடு சேர்ந்து நிற்கும், அண்ணாந்து பார்க்க வைக்கும். காடோ குனிந்து பார்க்க வேண்டியது. சோழமண்டலக் கடற்கரையோரத்துக்கே உரிய உலர் பசுமைக் காட்டு வகை இது. தோல் போன்ற சின்ன இலை, பின்னிக்கொண்ட கொடி, ஆளுயரத்தைக் கொஞ்சம் தாண்டும் மரம்; களா, காயா மாதிரியானவை. திருமாலின் நிறத்துக்குப் புலவர்கள் உவமை சொல்லித் தீராத காயாம்பூ, இப்படிப்பட்ட புதரில்தான் கிளையோடு ஒட்டிக்கொண்டு நீலப் பொடியாகப் பூக்கும். மழைக்காலத்தை மட்டும் நம்பி, கோடையிலும் பச்சையை விடாத காடு. நடுவில் புள்ளிமான் ஒன்று தலைதூக்கிப் பார்த்தது. எங்களைவிட அதற்குத்தான் இடம் பழக்கம். மறுபடி குனிந்துகொண்டது.

இங்கே விடுதி என்று யாரும் சொல்வதில்லை, 'ஹால்' என்றுதான் சொல்கிறார்கள். சேலையூர் ஹால், செயின்ட் தாமஸ் ஹால், பிஷப் ஹீபர் ஹால். பழைய ஹால்களான இந்த மூன்றின் பெயர்களையும் சேர்த்து ஒருமுறை உச்சரித்துப் பாருங்கள். ஒன்று பக்கத்து ஊர். ஒன்று, சில ஸ்டேஷன் தள்ளியிருக்கும் பரங்கிமலையோடு மரபு சேர்த்துச் சொல்லும் அப்போஸ்தலர். மற்றொன்று, 1826-இல் திருச்சியில் குளிக்கப் போன இடத்தில் உயிர்விட்ட கல்கத்தா பிஷப். மூன்று பெயரில் ஊரும் மரபும் வரலாறும் வந்துவிடுகின்றன. நாங்கள் வெளியில் நின்றுதான் பார்த்தோம். கைப்பிடிச் சுவரில் காய்ந்த லுங்கி, ஜன்னல் கம்பியில் செருகிய பல் துலக்கி, யாரோ யாரையோ பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடும் சத்தம். மாதிரி அறையில் கிடைக்காதது இதுதான்.

வழிகாட்ட வருகிறவர்கள் பெரிய பெயர்களை அடுக்குவார்கள். அங்கே கொஞ்சம் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். குடியரசுத் தலைவராயிருந்த ராதாகிருஷ்ணன் இந்தக் கல்லூரி மாணவர், உண்மை. ஆனால் அவர் படித்தது பழைய இடத்தில். தமிழைச் செம்மொழி என்று முதலில் வாதாடியவர்களில் ஒருவரான பரிதிமாற் கலைஞர் இதே கல்லூரியில் தமிழ் ஆசிரியர். அவர் 1903-இல் காலமானவர். இந்த மரங்களின் நிழலை அறியார். தலைமைத் தேர்தல் ஆணையராயிருந்த டி.என்.சேஷனும் பெப்சிகோ தலைவராயிருந்த இந்திரா நூயியும்தான் தாம்பரத்து மாணவர்கள். பெயருக்கும் இடத்துக்கும் உள்ள இந்த இடைவெளியைத் தெரிந்துகொண்டு நடந்தால், பெருமை கொஞ்சம் குறையும், பார்வை கூடும்.

எனக்கு மிகப் பிடித்தது அறிவிப்புப் பலகை. கல்லூரியின் கையேட்டை அச்சகத்தில் அடிப்பார்கள். பலகையைப் பிள்ளைகள் எழுதுவார்கள். எந்தத் தாள் மேல் எந்தத் தாளைக் குத்தியிருக்கிறார்கள் என்று பாருங்கள். வருகைப்பதிவு குறைந்தோர் பட்டியலின் பாதியை மறைத்து நாடக ஒத்திகை அறிவிப்பு ஒன்று இருந்தது. அந்த மறைப்பு தற்செயலா, தந்திரமா? அவள் சிரித்தாள். அன்று முழுக்க அவள் வாய்விட்டுச் சிரித்தது அங்கேதான்.

கேன்டீனில் டீயும் வடையும். வடை சுமார். பக்கத்து மேசைப் பெண்களிடம் அவளையே பேசவிட்டு நான் டம்ளரோடு தள்ளிப் போனேன். மாமா நின்றால் உண்மை வராது. திரும்பி வந்தபோது எந்தப் பேராசிரியர் வகுப்பில் தூக்கம் வராது, எந்த மாதம் கொசு அதிகம், சாயங்காலப் பிரிவில் சேர்ந்தால் திரும்ப எத்தனை மணி ரயில் என்பதெல்லாம் அவளிடம் இருந்தன. அலுவலக ஜன்னல் சொன்னதைவிட இரண்டு பங்கு.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், வகுப்பு நடக்கிற நாளில், அனுமதி கேட்டுப் போங்கள். வாசலிலேயே ஆட்டோவை அனுப்பிவிடுங்கள். பழைய செருப்பு போட்டுக்கொள்ளுங்கள், நடை நிறைய இருக்கிறது.