டிரைவர் சொல்லாத நேரம்

ஏற்காடு மலையில், கொட்டச்சேட்டில், ஒரு காப்பித் தோட்டத்துக்குள் வானிலைக் கருவி ஒன்றை நிறுத்துவதாக வைத்துக்கொள்வோம். நிழல் மரங்களை விட்டுத் தள்ளி ஒரு கம்பம். அதன் உச்சியில் காற்றின் வேகம் அளக்கும் கிண்ணக் கருவி, நடுவில் வெப்பநிலை சென்சார், ஓரத்தில் மழைமானி. பெட்டிக்குள் ஒரு சின்ன மைக்ரோகண்ட்ரோலர், பேட்டரி, 865 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் பேசும் லோரா ரேடியோ. காப்பிப் பூவை மலரவைக்கும் கோடை மழை எப்போது வந்தது, எவ்வளவு பெய்தது என்று அது சொல்ல வேண்டும். கோளாறு வந்தால், சரிசெய்யப் போகிறவர் சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வந்தாக வேண்டும். அதனால் உள்ளே ஓடும் நிகழ்நேர இயங்குதளமும், அதில் டிரைவர்கள் அடுக்கப்பட்டிருக்கும் முறையும் சிறிய விஷயங்கள் அல்ல.

இன்று இந்த வகைக் கருவிக்குப் பலர் எடுப்பது செஃபிர் என்ற நிகழ்நேர இயங்குதளம். லினக்ஸ் ஃபவுண்டேஷன் 2016 பிப்ரவரியில் அறிவித்த திட்டம் அது. அதன் டிரைவர் அமைப்பை நான் மதிக்கிறேன். அதன் குறையைப் பற்றிப் பேசுவதும் அந்த மதிப்பினால்தான்.

லினக்ஸ் ஓடும் கணினி, இயக்கம் தொடங்கும்போது என்னென்ன சாதனங்கள் இருக்கின்றன என்று பார்த்து டிரைவர்களைப் பொருத்திக்கொள்கிறது. செஃபிரில் அந்த வேலை முழுவதும் கம்பைல் செய்யும்போதே முடிந்துவிடும். பலகையில் எந்தச் சிப், எந்த பஸ், எந்த முகவரி என்பதெல்லாம் டிவைஸ்ட்ரீ என்ற கோப்பில் எழுதப்பட்டிருக்கும். கேகான்ஃபிக் எந்த டிரைவர் உள்ளே வர வேண்டும் என்று முடிவு செய்யும். ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு சிறு கட்டமைப்பு பிளாஷ் நினைவகத்தில் மாறாமல் உட்கார்ந்துவிடும். அதற்குள் அந்த வகைச் சாதனங்களுக்குப் பொதுவான செயல்பாடுகளின் அட்டவணைக்கு ஒரு சுட்டி. தேவைப்படாத டிரைவர் ஒரு பைட் இடத்தைக்கூடத் தின்னாது. சென்சார் விழிப்பதற்கு முன் அது தொங்கும் பஸ் விழித்திருக்க வேண்டும் அல்லவா? அந்த வரிசை பிசகினால் பில்டின்போதே கண்டுபிடித்துச் சொல்லும் சோதனையும் இருக்கிறது. சில பத்து கிலோபைட் ராம் உள்ள சிப்பில் இவ்வளவு ஒழுங்கைக் கொண்டுவந்தது பெரிய சாதனை.

இதற்குக் கொடுக்கும் விலை, புதிதாக வருபவர் படும் பாடு. டிவைஸ்ட்ரீயில் ஒரு சாதனத்தை இயக்க மறந்துவிட்டால், லிங்கர் வந்து 'டிவைஸ்_டிடிஎஸ்_ஆர்ட்_47' என்ற பெயர் கிடைக்கவில்லை என்று புகார் சொல்லும். அந்த 47 எந்தச் சாதனம் என்று பில்ட் கோப்புகளுக்குள் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். எரிச்சல்தான், ஆனால் ஆபத்தில்லை. பிழை மேசையிலேயே தெரிந்துவிடுகிறது.

ஆபத்து, பிழையே காட்டாத இடத்தில் இருக்கிறது.

நம் கம்பத்தில் முதலில் எஸ்.எச்.டி.31 என்ற சென்சார் இருக்கிறது. மலைப்பனியில் அது அடிக்கடி நனைகிறது. எஃகுக் குழாய்க்குள் அடைத்து விற்கும் டி.எஸ்.18பி20 சென்சாருக்கு மாறலாம் என்று முடிவு செய்கிறோம். செஃபிரில் இது சுலபம்: டிவைஸ்ட்ரீயில் சில வரிகள், கேகான்ஃபிக்கில் ஒன்றிரண்டு. பயன்பாட்டு நிரலில் ஒரு எழுத்தும் மாறாது. முன்பு போலவே 'சென்சார்_சாம்பிள்_ஃபெட்ச்' என்று அழைக்கிறோம், வெப்பநிலை வருகிறது. கம்பைல் ஆகிறது, மேசையில் வேலையும் செய்கிறது.

அந்த அழைப்புக்குள் என்ன நடந்தது? எஸ்.எச்.டி.31 மிகத் துல்லியமாக அளந்தாலும் சுமார் 15 மில்லி விநாடியில் முடித்துவிடும். டி.எஸ்.18பி20 தன் 12 பிட் துல்லியத்தில் அளக்க 750 மில்லி விநாடி வரை எடுக்கும். டிரைவர் அதுவரை அழைத்தவரைத் தூங்கவைக்கும். அழைப்பின் பெயரும் அதே, உருவமும் அதே, நேரம் மட்டும் 50 மடங்கு.

தூங்குவது ஒரு த்ரெட் மட்டுமே என்றால் மற்றவை தொடர்ந்து ஓடும், தீங்கில்லை. ஆனால் பலர் செய்வதுபோல இந்த அழைப்பை, வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டும் பொது ஒர்க் கியூவில் வைத்திருந்தால் கதை வேறு. காற்றுக் கருவியின் ஒவ்வொரு துடிப்புக்கும் இன்டரப்ட் வந்து அதே கியூவில் ஒரு வேலையைப் போடுகிறது, எண்ணிக்கையை அந்த வேலை கூட்டுகிறது என்று கொள்ளுங்கள். விநாடிக்கு ஒரு துடிப்பு என்றால் மணிக்கு 2.4 கி.மீ. என்பது பரவலாகக் கிடைக்கும் கிண்ணக் கருவிகளின் கணக்கு. மணிக்கு 36 கி.மீ. காற்றில் விநாடிக்கு 15 துடிப்பு. 750 மில்லி விநாடிக்குள் 11 துடிப்புகள் வந்துவிடும். ஏற்கெனவே வரிசையில் நிற்கும் வேலையை மறுபடி போட்டால் செஃபிர் அதை இரண்டாவது முறை சேர்க்காது; அது ஆவணப்படுத்தப்பட்ட நடத்தை. ஆக, 11 துடிப்புகளும் ஒன்றாகப் பதிவாகும். வெப்பநிலை சென்சாரை மாற்றினோம், காற்றின் வேகம் குறைந்துவிட்டது.

எண்ணிக்கையை இன்டரப்டுக்குள்ளேயே கூட்டியிருக்க வேண்டும் என்று அனுபவசாலி சொல்வார். சரியான பேச்சு. ஆனால் பழைய சென்சார் இருந்தவரை அந்தப் பிழை வெளியே தெரிய வாய்ப்பே குறைவு. 15 மில்லி விநாடிக்குள் இரண்டு துடிப்பு வராது. சாதனத்தை மாற்றினாலும் நிரல் மாறாது என்பதுதான் இந்த அமைப்பு தரும் வாக்குறுதி. அந்த வாக்குறுதி நேரத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. நிகழ்நேர இயங்குதளத்தில் விடை சரியாக இருப்பது பாதிதான். உரிய நேரத்தில் வருவது மறுபாதி. அந்த மறுபாதிக்கு டிரைவர் இடைமுகத்தில் இடமே ஒதுக்கப்படவில்லை என்பதே என் முதன்மையான குற்றச்சாட்டு.

பூட்டுகளுக்கும் இதே நிலைமை. ஒரே பஸ்ஸில் பல சாதனங்கள் தொங்கும்போது டிரைவர் உள்ளே ஒரு பூட்டு வைத்துக்கொள்ளும். அழைப்பவருக்கு அது தெரியாது. செஃபிரின் மியூட்டெக்ஸுக்கு முன்னுரிமையைக் கடன் கொடுக்கும் வசதி உண்டு: முக்கியமான பணி காத்திருந்தால், பூட்டை வைத்திருக்கும் சாதாரணப் பணியைத் தற்காலிகமாக உயர்த்தி வேலையை முடிக்க வைக்கும். செமஃபோருக்கு அது கிடையாது. நான் படித்த செஃபிர் பதிப்புகளில் எஸ்.டி.எம்.32 சிப்புகளுக்கான ஐ2சி டிரைவர் 'பஸ்_மியூட்டெக்ஸ்' என்று பெயரிட்டு வைத்திருப்பது ஒரு செமஃபோரை.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 1997இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் சாட்சி. அதில் ஓடியது விஎக்ஸ்ஒர்க்ஸ் என்ற நிகழ்நேர இயங்குதளம். விண்கலம் அவ்வப்போது தன்னைத்தானே மறுதொடக்கம் செய்துகொண்டது. வானிலைத் தரவு சேகரிக்கும் தாழ்முன்னுரிமைப் பணி ஒரு பூட்டை வைத்திருக்க, இடைநிலைப் பணிகள் அதை ஓடவிடாமல் தடுக்க, அந்தப் பூட்டுக்காக பஸ்ஸை நிர்வகிக்கும் உயர்முன்னுரிமைப் பணி காத்துக் கிடந்தது. அந்தப் பூட்டைப் பயன்பாட்டு நிரல் எழுதியவர்கள் உருவாக்கவில்லை. இயங்குதளத்தின் உள்ளீடு-வெளியீட்டு நூலகத்துக்குள் அது ஒளிந்திருந்தது. முன்னுரிமைக் கடன் வசதியைப் பூமியிலிருந்தே இயக்கிவிட்ட பிறகுதான் சிக்கல் தீர்ந்தது.

எதிர்த்திசையிலும் ஒரு வழி இருக்கிறது, அதுவும் நம் ஊரிலேயே. சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி செயலிகளுக்கான மென்பொருள் தொகுப்பில் டிரைவர்கள் ஒரு அடைவில் நேரடியான சி செயல்பாடுகளாக இருக்கின்றன. பினாகா, பரசு, வஜ்ரா என்று இலக்குப் பலகையின் பெயரைக் கொடுத்து பில்ட் செய்தால் அதற்குரிய முகவரிகள் ஒரு தலைப்புக் கோப்பிலிருந்து வந்து சேரும். நடுவில் பொது அட்டவணை இல்லை. ஐ2சி டிரைவரைத் திறந்தால் நிலைப் பதிவேட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்துக் காத்திருக்கும் சுழல் கண்ணெதிரே தெரியும். கல்லூரி மாணவர் ஒரு மாலையில் பதிவேடு வரை படித்து முடித்துவிடலாம். நேரம் எங்கே செலவாகிறது என்பதில் மறைவே இல்லை. ஆனால் சென்சாரை மாற்றினால் பயன்பாட்டையும் மாற்றி எழுத வேண்டும். சுழலில் காத்திருக்கும் டிரைவர் பேட்டரியையும் தாழ்முன்னுரிமைப் பணிகளையும் சேர்த்தே பட்டினி போடும்.

மூன்றாவதாக, 2003இல் ரிச்சர்ட் பேரி தொடங்கிய ஃப்ரீஆர்டிஓஎஸ் இயங்குதளம், டிரைவர் மாதிரி என்று எதையும் கர்னலில் வைக்காமல் சிப் நிறுவனங்களிடம் விட்டுவிட்டது. அங்கே அந்தந்த நிறுவனத்தின் பழக்கமே சட்டம்.

மூன்றில் எது வேண்டும் என்று கேட்டால், கொட்டச்சேட்டுக் கம்பத்துக்கு நான் செஃபிரைத்தான் எடுப்பேன். பத்தாண்டு ஓட வேண்டிய கருவியில் இன்றைய சிப் நாளை கடையில் கிடைக்காது. சாதனத்தை மாற்றும் சுதந்திரம் அங்கே அவசியம். செஃபிரும் தேங்கி நிற்கவில்லை. முன்பெல்லாம் தொடக்கத்தில் ஒரு இணைப்பு நனைந்திருந்து சென்சார் பதில் தராவிட்டால், மறுதொடக்கம் வரை அந்தச் சாதனம் செத்ததாகவே கருதப்படும். அண்மைப் பதிப்புகளில் தொடக்கத்தைத் தள்ளிவைத்து நாமே பின்னர் எழுப்பும் வழி வந்திருக்கிறது. படிப்பதையும் பொருள் பிரிப்பதையும் தனித்தனியாக்கி, காத்திருக்காமல் சென்சாரைக் கேட்கும் புதிய இடைமுகமும் வந்திருக்கிறது. எல்லா டிரைவர்களும் இன்னும் அதற்கு மாறவில்லை.

2025 பிப்ரவரியில் சென்னை ஐ.ஐ.டி.யும் இஸ்ரோவும் சக்தி வழியில் வந்த ஐரிஸ் சிப்பை விண்வெளிப் பயன்பாட்டுக்காக அறிவித்தன. அதற்கும் அதன் தம்பிகளுக்கும் டிரைவர் எழுதப் போகிறவர்கள் தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் இப்போது படித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள்: நீங்கள் எழுதும் ஒவ்வொரு டிரைவர் தலைப்புக் கோப்பிலும், ஒவ்வொரு செயல்பாட்டின் மேலும், இது அதிகபட்சம் எத்தனை மில்லி விநாடி காக்கவைக்கும், எந்த வகைப் பூட்டைப் பிடிக்கும், இன்டரப்டுக்குள்ளிருந்து அழைக்கலாமா என்று மூன்று வரி எழுதிவிடுங்கள்.