தூரமும் உயரமும்: அருட்பணிப் பாடத்தின் ஓர் அளவுகோல் பற்றி

பண்பாடு கடந்த அருட்பணி என்னும் பாடத்தைத் தொடங்கும் இறையியல் மாணவர், முதற்சில வகுப்புகளுக்குள்ளாகவே ரால்ப் வின்ட்டரின் அளவுகோலைச் சந்தித்துவிடுகிறார். 1974இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் கூடிய உலக நற்செய்திப்பணி மாநாட்டில் வின்ட்டர் அளித்த கட்டுரையில் அது விரிவாக விளக்கப்பட்டது. 1981இல் அவரும் ஸ்டீவன் ஹாதார்னும் தொகுத்த பாடநூலில் அக்கட்டுரை இடம்பெற்று, பல நாடுகளிலும் அருட்பணியியலின் முதற்பாடமாகவே ஆகிவிட்டது. அளவுகோல் எளியது. தன் மொழியும் பழக்கவழக்கமும் உடையோருக்கு நற்செய்தி அறிவிப்பது முதல் வகை. நெருங்கியதாயினும் வேறான பண்பாட்டினருக்கு அறிவிப்பது இரண்டாம் வகை. முற்றிலும் அந்நியமான பண்பாட்டினருக்கு அறிவிப்பது மூன்றாம் வகை. அப்போஸ்தலர் நடபடிகள் 1:8இல் வரும் எருசலேமும் யூதேயாவும் முதல் வகைக்கும், சமாரியா இரண்டாவதற்கும், பூமியின் கடைசி மூன்றாவதற்கும் எடுத்துக்காட்டுகளாக நிறுத்தப்படுகின்றன. தூரம் மிகுதியாக ஆகப் பணியும் கடினமாகும் என்பது கருத்து. இவ்வளவுகோலை நாட்றம்பள்ளி வட்டாரத்தில் வைத்து அளந்து பார்க்க விரும்புகிறோம்.

அது பிறந்த வேளையை மறந்துவிட்டு எடைபோடுவது நேர்மையாகாது. 1971இல் கென்யாவின் ஜான் காட்டு, மேலைநாட்டு மிஷனெரிகளை அனுப்புவதைச் சில காலம் நிறுத்திவைக்க வேண்டுமென்றார். 1973இல் பாங்காக் மாநாட்டில் அக்கோரிக்கை வலுப்பெற்றது. எல்லா நாடுகளிலும் திருச்சபை உண்டு, ஆகவே மிஷனெரிக் காலம் முடிந்தது என்று பலர் பேசிய நாள்கள் அவை. ஒரு நாட்டில் சபை இருப்பதனாலேயே அந்நாட்டார் அனைவருக்கும் அது அண்டைவீடாகிவிடாது என்பது வின்ட்டரின் மறுமொழி. அதற்கு அவர் காட்டிய சான்றுகளுள் ஒன்று நம் வீட்டிலிருந்தே எடுக்கப்பட்டது. தென்னிந்தியத் திருச்சபையின் உறுப்பினரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர், நூற்றுக்கு மேற்பட்ட சமுதாயப் பிரிவுகளுள் ஐந்திலிருந்து மட்டுமே வந்தவர்கள் என்றார் அவர். கணக்கைப் பற்றி வாதிடலாம். சுட்டிய உண்மையை மறுப்பதற்கில்லை. நம் சபைப் பதிவேடுகளைப் புரட்டினால் போதும்.

வாணியம்பாடிக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே பெங்களூர்ப் பெருவழியில் அமைந்த நாட்றம்பள்ளி, 2019இல் உருவான திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. தமிழோடு தெலுங்கும் உருதும் அங்கே அன்றாடம் காதில் விழும். ஊரில் இராமகிருஷ்ண மடம் ஒன்று உண்டு. வடகிழக்கே வாணியம்பாடி, ஆம்பூர் எனப் பாலாற்றை ஒட்டித் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் தொடர்கின்றன. பண்பாட்டை நாட்டுக்கொன்றாக எண்ணிப் பழகிய மாணவர் இங்கு ஒரு நாள் நடந்தால் குழம்பிப்போவார். அவருக்கு வின்ட்டரின் அளவுகோல் ஓரளவு துணைசெய்யும். உருது பேசும் இசுலாமியரை மூன்றாம் வகையிலும், தெலுங்கு பேசுவோரை இரண்டாம் வகையிலும் அவர் எழுதிக்கொள்ளலாம். ஊரையும் சேரியையும் எங்கே எழுதுவது? இரண்டுக்கும் மொழி ஒன்று. உழும் வயலும் ஒன்று. வின்ட்டர் சாதியைக் காணத் தவறினார் என நாம் சொல்லவில்லை. கண்டார்; ஆனால் அதனையும் ஓர் இடைவெளியாகவே கண்டார். நம் மறுப்பு இங்கேதான் தொடங்குகிறது.

தூரம் என்பது எந்த முனையிலிருந்து அளந்தாலும் ஒன்றே. காட்பாடியிலிருந்து வேலூர் எவ்வளவு தொலைவோ, வேலூரிலிருந்து காட்பாடியும் அவ்வளவே. ஊருக்கும் சேரிக்கும் உள்ளது அத்தகைய தூரமன்று. ஊரார் வேண்டும்போது சேரிக்குள் வந்து ஆள் அழைத்துப் போகலாம். சேரியிலிருப்பவர் ஊர்த்தெருவுக்குள் செருப்பணிந்து நடக்கக் கூடாது. தமிழகச் சிற்றூர்கள் பலவற்றில் இத்தடை நெடுங்காலம் நிலவிற்று. இன்றும் அவ்வப்போது செய்தித்தாளில் காண்கிறோம். தோலைப் பதப்படுத்திய கை எவருடையதோ அவருடைய காலுக்கே அத்தோலாலான செருப்பு மறுக்கப்பட்டது என்பதை இத்தோல் வட்டாரத்தாருக்கு நாம் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. இது உயரம். ஏணியின் மேற்படியில் நிற்பவர் இறங்கி வருவதும், கீழ்ப்படியில் நிற்பவர் ஏறிச்செல்வதும் ஒரே செயலல்ல. அளவுகோலோ இரண்டுக்கும் ஒரே எண்ணைத் தருகிறது.

இதன் விளைவை இவ்வட்டாரத்தின் மிஷன் வரலாற்றிலேயே காணலாம். ஸ்கடர் சகோதரர்கள் 1853இல் ஆற்காடு மிஷனை நிறுவினர். 1894இல் அமெரிக்காவின் மிசூரி லுத்தரன் சபை தியோடர் நேத்தரையும் பிரான்சு மோனையும் இந்தியாவுக்கென நியமித்தது. கிருஷ்ணகிரியிலும் ஆம்பூரிலும் அவர்கள் பணியைத் தொடங்கினர். இருவரும் முன்னரே லைப்சிக் மிஷனில் தமிழ்நாட்டில் பணியாற்றியவர்கள். அளவுகோலின்படி இவர்கள் மூன்றாம் வகையினர். மிகத் தொலைவிலிருந்து வந்தவர்கள். ஆயினும் ஊர்த்தெருவில் அவர்கள் நடப்பதற்குப் பெருந்தடை இருக்கவில்லை. ஆளுவோரின் நிறமே ஆளாதோருக்கும் காவலாயிற்று. அவர்களோடு நடந்த சேரி உபதேசியாரோ தாய்மொழியால், உணவால், பழமொழியால் முதல் வகையினர். தெருமுனையில் நிறுத்தப்பட்டவர் அவரே. மிகத் தொலைவிலிருந்து வந்தவர் உள்ளே செல்கிறார், மிக அருகிலிருப்பவர் வெளியே நிற்கிறார் என்றால், நாம் கைக்கொண்ட அளவுகோல் எதனை அளக்கிறது?

மிஷன் மருத்துவமனைகளைப் பற்றியும் ஈண்டு ஒரு சொல். வேலூரில் 1900இல் ஐடா ஸ்கடர் தொடங்கிய பணியும், ஆம்பூரில் 1921இல் எழுந்த பெதஸ்தா மருத்துவமனையும் அன்புப்பணியின் சான்றுகளாகவே நம் நூல்களில் பேசப்படுகின்றன. அவை வேறொன்றையும் செய்தன. எவருடைய தெருவுக்குள் நுழைய முடியாதோ அவரே நோயுற்று வந்து, எந்தக் குலம் என்று கேட்க இயலாத கையிலிருந்து மருந்தும் தண்ணீரும் வாங்கிப் பருகும் நிலை அங்கே உண்டாயிற்று. நடக்கும் திசை மாறிற்று. அறிவிப்பவர் எவ்வளவு தூரம் செல்கிறார் என்று மட்டும் கேட்கும் பாடத்தில் இதற்கு இடமே இல்லை.

தோல் தொழிலிலும் இவ்வாறே. இசுலாமிய வணிகர் முன்னின்று வளர்த்த இத்தொழிலில், பச்சைத்தோலையும் சுண்ணாம்புத் தொட்டியையும் கையாண்ட உழைப்பாளர் பெரும்பாலும் சேரி மக்கள். சபைகளும் அம்மக்களிடையேதான் வேரூன்றின. அப்படியானால் இங்குள்ள கிறிஸ்தவர் இசுலாமியரைச் சந்திப்பது கூலி வாங்கும் இடத்தில். முதலாளிக்குத் தொழிலாளி கூறும் சாட்சி எத்தகையது என்பது பண்பாட்டு மானிடவியல் மட்டும் விடையளிக்கும் வினாவன்று.

இனி வேதப்பகுதிக்கு வருவோம். கொர்நேலியுவின் வீட்டுக்குப் பேதுரு சென்றதைப் பண்பாடு கடந்த பணியின் தலைசிறந்த நிகழ்ச்சியாக எல்லா நூல்களும் பேசுகின்றன. அதற்குமுன் அவர் யோப்பாவில் தங்கியிருந்த வீட்டைப் பற்றி நம் விளக்கவுரைகள் விரைந்து கடந்துவிடுகின்றன. லூக்கா கடக்கவில்லை. சீமோன் தோல் பதனிடுகிறவன் என்று 9:43, 10:6, 10:32 ஆகிய மூன்றிடங்களில் எழுதுகிறார். வீடு கடலோரத்திலிருந்தது என்று இருமுறை சொல்கிறார். ஏன் நீர்க்கரையில், ஏன் ஊருக்கு அப்பால் என்று பாலாற்றங்கரையாரிடம் கேட்டால் உடனே சொல்வர். யூத மரபில் அது இழிவாக எண்ணப்பட்ட தொழில். அத்தொழில் செய்வோனின் மனைவி மணவிலக்குக் கோரலாம் என்று மிஷ்னா இடமளிக்கிறது. சீமோனோ யூதன். வின்ட்டரின் கணக்கில் பேதுருவுக்கு அவன் முதல் வகை. கடக்க வேண்டிய எல்லை எதுவுமில்லை. ஆயினும் தன் இனத்துக்குள்ளேயே தாழ்த்தப்பட்டவன் வீட்டில் பலநாள் உண்டு உறங்கியபின், அவ்வீட்டின் மேல்மாடியிலேயே பேதுரு அத்தரிசனத்தைக் கண்டார். கொர்நேலியுவிடம் செல்லும் வழி சீமோன் வீட்டு வாசலில் தொடங்குகிறது என்று படிப்பது பகுதிக்குப் பொருந்தாததன்று.

வின்ட்டருடன் புல்லர் இறையியல் கல்லூரியில் பணியாற்றிய டொனால்டு மக்காவ்ரன், 1897இல் நம் நாட்டின் தமோவில் பிறந்தவர். இனம், மொழி, வகுப்பு ஆகிய எல்லைகளைக் கடவாமல் கிறிஸ்தவராவதையே மக்கள் விரும்புகிறார்கள் என்பது 1970இல் வெளிவந்த அவருடைய நூலின் புகழ்பெற்ற கூற்று. எந்த மக்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. சுவரின் மேற்புறத்தார் அதனைக் கடக்க விரும்பாதிருக்கலாம்; கீழ்ப்புறத்தாரில் பலர் அது இடியும் என்று கேள்விப்பட்டே சபைக்கு வந்தவர்கள். 1850இல் சென்னை மிஷனெரி மாநாடு, எவரோடும் ஒரே பந்தியில் உண்ண ஆயத்தமாயிராதவர் ஞானஸ்நானத்துக்குத் தகுதியற்றவர் என்று முடிவு செய்தது. லைப்சிக் மிஷன் அதனை ஏற்கவில்லை. அவ்வாதம் முடிந்ததென்று எண்ணியிருந்தோம். வகுப்புக்கொரு சபை என்னும் வளர்ச்சித் திட்டமாக, அமெரிக்க அச்சில் அது திரும்பி வந்திருக்கிறது. மாணவர்கள் அடையாளம் காணாமல் மனப்பாடம் செய்கிறார்கள்.

விலையைப் பற்றியும் அளவுகோல் மௌனமாயிருக்கிறது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி, பட்டியல் சாதியில் பிறந்தவர் கிறிஸ்தவரானால் அச்சாதியினருக்குரிய சலுகைகளை இழக்கிறார். சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் திறந்த கதவு நமக்குத் திறக்கப்படவில்லை. சேரியில் ஒருவர் ஞானஸ்நானம் பெறுகையில் இழப்பதும், ஊரில் ஒருவர் பெறுகையில் இழப்பதும் வெவ்வேறு. அறிவிப்பவர் நடந்த தொலைவை எழுதும் பாடத்திட்டம் கேட்டவர் செலுத்திய விலையையும் எழுத வேண்டாமா?

வின்ட்டரின் கட்டுரையைப் பாடத்திலிருந்து அகற்றுமாறு நாம் கேட்கவில்லை. அதனோடு வேறு மூன்று வினாக்களையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டுமென்கிறோம்: யார் யாருடைய தெருவுக்குள் செல்லலாம்? யார் யாருடைய கையால் உண்பார்? மனமாற்றத்தால் யார் எதை இழப்பார்? நாட்றம்பள்ளி, வாணியம்பாடிப் பக்கம் கள ஆய்வுக்கு அனுப்பப்படும் மாணவர்கள் வழக்கம்போல் மொழிவாரி, மதவாரிப் பட்டியலோடு திரும்பாமல், தோல் தொழிற்சாலையில் மதிய உணவு வேளையில் யார் யாரோடு அமர்கிறார்கள் என்பதிலிருந்து குறிப்பெடுக்கத் தொடங்கலாம். அதன்பின் ஞாயிறு திருவிருந்தின்போது யார் முதலில் எழுந்து செல்கிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளட்டும்.