முதல் நூலும் அதன் முதல் வாசகரும்

முதல் நாவலை வெளியிட்டவர்களிடம் இதழாளர்கள் கேட்கும் வினாக்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கக் காண்கிறோம். காலையில் எழுதுவீர்களா, இரவிலா? கையால் எழுதுவீர்களா, தட்டச்சிலா? நாளொன்றுக்கு எத்தனை பக்கம்? பதிப்பாளர் எப்படிக் கிடைத்தார்? எழுத்தாளரும் சளைக்காமல் விடை தருகிறார். பேனாவின் நிறமும் மேசையின் அகலமும் நமக்குத் தெரிந்துவிடுகின்றன. இத்தகைய பேட்டிகளை நாமும் விரும்பிப் படிக்கிறவர்களே. ஆதலால் பிறரைக் குறைகூறும் உரிமை நமக்கில்லை. எனினும் இவ்வினாக்களுக்குள் பெரியதொரு வினா ஒளிந்துகொண்டிருக்கிறது என்றும், அமெரிக்காவின் தென்மாநிலங்களைச் சேர்ந்த கத்தோலிக்க நாவலாசிரியர் மூவரின் முதல் நூல்கள் அச்சேறிய கதையை உடன்வைத்துப் பார்த்தால் அது வெளிப்படும் என்றும் நமக்குத் தோன்றுகிறது. அம்மூவர் ஃபிளானரி ஓ'கானர், வாக்கர் பெர்சி, ஜான் கென்னடி டூல்.

ஓ'கானர் 1925-இல் ஜார்ஜியா மாநிலத்து சவானா நகரில் பிறந்தவர். 1945-இல் இதழியல் பயில ஐயோவா பல்கலைக்கழகத்துக்குச் சென்றவர், அங்கிருந்த எழுத்துப் பட்டறையில் சேர விரும்பி அதன் தலைவர் பால் எங்கிளை நாடினார். அவருடைய தென்னாட்டு உச்சரிப்பு எங்கிளுக்குச் சற்றும் விளங்கவில்லை. சொல்ல வந்ததை எழுதித் தருமாறு வேண்டினாராம். பேச்சு எட்டாத இடத்திற்கு எழுத்து எட்டியது. அங்கே தொடங்கிய 'வைஸ் பிளட்' என்னும் நாவலின் சில பகுதிகளுக்காக 1947-இல் ரைன்ஹார்ட் பதிப்பகத்தின் பரிசாக 750 டாலர் கிடைத்தது. நூல் முடிந்ததும் முதலில் பார்க்கும் உரிமையும் அப்பதிப்பகத்திற்கே உரியதாயிற்று.

இக்காலத்து நிகழ்ச்சியொன்று நம் வாசகர்களுக்குச் சுவையாக இருக்கும். தாம் எழுதும் சில பகுதிகள் பிறருக்கு இடறலாகுமோ என்று இளம் ஓ'கானருக்கு மனச்சான்றில் ஓர் உறுத்தல் எழுந்தது. ஒரு குருவிடம் சென்று கேட்டார். அவர் சிறு கையேடு ஒன்றைக் கொடுத்துவிட்டு, பதினைந்து வயதுப் பெண்களுக்காகத்தான் எழுதவேண்டும் என்ற கட்டாயம் உனக்கு இல்லை என்று சொல்லி அனுப்பினார். ஓ'கானரே பின்னாளில் ஒரு கடிதத்தில் இதை நகைச்சுவையோடு நினைவுகூர்கிறார். கையேடு பயன்பட்டதோ இல்லையோ, அந்த ஒரு சொல் பயன்பட்டது.

1949-இல் ரைன்ஹார்ட் பதிப்பாசிரியர் ஜான் செல்பி, வந்திருந்த அத்தியாயங்களைப் படித்துவிட்டு, நாவலை வழக்கமான வடிவத்திற்குக் கொண்டுவர வேண்டும் என்ற கருத்தில் எழுதினார். ஓ'கானருக்கு அப்போது இருபத்து நான்கு வயதுகூட நிறையவில்லை. அச்சில் வந்த நூல் எதுவுமில்லை. வருவாயும் சொல்லும்படியாக இல்லை. இருந்தும் உறுதியான மறுமொழி அனுப்பினார். குற்றங்குறைகளைக் கேட்கத் தாம் ஆயத்தமாயிருப்பதாகவும், ஆனால் அவை தாம் செய்ய முயல்வது எதுவோ அதன் எல்லைக்குள் அமைந்தவையாக இருக்கவேண்டும் என்றும் அதன் சாரம். அந்த உறவு முறிந்தது. கவிஞர் ராபர்ட் லோவெல் வழியாக அறிமுகமான ராபர்ட் ஜிரூ பணியாற்றிய ஹார்கோர்ட், பிரேஸ் பதிப்பகம் நூலை ஏற்றுக்கொண்டது.

இதை இளமையின் செருக்கு என்று கூறிவிடலாமா? அடுத்து நிகழ்ந்ததைப் பார்த்தால் அவ்வாறு கூற நமக்கு நா எழவில்லை. 1951-இல் இதே கையெழுத்துப் படி, நண்பர் ராபர்ட் ஃபிட்ஸ்ஜெரல்டு வழியாக நாவலாசிரியை கேரலின் கோர்டனின் கைக்குச் சென்றது. கோர்டன் கத்தோலிக்க மறையைத் தழுவியவர். எழுத்துத் தொழிலில் மிகக் கண்டிப்பானவர். அவர் பக்கம் பக்கமாகக் குறைகளைச் சுட்டினார். செல்பிக்கு இணங்காத ஓ'கானர் கோர்டனுக்கு நன்றி கூறி, அமர்ந்து, திருத்தி எழுதினார். செல்பி அந்த நூலை வேறொரு நூலாக்க முயன்றார். கோர்டனோ அந்த நூல் எதுவாக விரும்பியதோ அதுவாகவே நிறைவுற வேண்டும் என்று விரும்பினார். முதல் நூலை எழுதுபவருக்கு இவ்விரண்டையும் பிரித்தறியும் திறமே முதன்மையான திறம் என்பது நம் கருத்து. அதைப் பெற என்ன செய்வது என்றுதான் எந்தப் பேட்டியிலும் யாரும் கேட்பதில்லை.

இங்கே 'பழக்கம்' என்னும் சொல்லைச் சற்று நின்று நோக்கவேண்டும். ஓ'கானர் தம் கலைக்கொள்கையைப் பெரிதும் ழாக் மாரித்தேனின் 'கலையும் ஸ்கொலாஸ்திக்க மெய்யியலும்' என்னும் நூலிலிருந்து பெற்றார். புனித தாமஸ் அக்குவினாஸின் வழியில் நின்று மாரித்தேன், கலை என்பது செயலறிவில் வேரூன்றிய ஒரு நற்பண்பு என்கிறார். இலத்தீனில் 'ஹாபித்துஸ்' எனப்படும் அது, நாள்தோறும் பல் துலக்குவது போன்ற வழக்கம் அன்று. பயிற்சியினால் உள்ளத்தில் நிலைபெற்று இயல்பாகவே ஆகிவிட்ட ஆற்றல். ஓ'கானரின் கடிதங்கள் 1979-இல் சாலி ஃபிட்ஸ்ஜெரல்டால் தொகுக்கப்பட்டபோது நூற்பெயரிலேயே இச்சொல் இடம்பெற்றது தற்செயலன்று.

ஆயினும் உள்ளத்தின் ஆற்றல் நாற்காலியில் அமராமல் வளர்வதில்லை. 1950-ஆம் ஆண்டு இறுதியில் ஊர் திரும்பும் பயணத்திலேயே ஓ'கானர் கடுமையாக நோயுற்றார். அது லூபஸ், 1941-இல் அவருடைய தந்தையின் உயிரைக் கவர்ந்த அதே நோய். அதன்பின் மில்லெட்ஜ்வில் ஊருக்கு வெளியே 'ஆண்டலூசியா' என்னும் பால்பண்ணையில் தாயுடன் வாழ்ந்தார். காலைத் திருப்பலி, பிறகு இரண்டு மூன்று மணிநேரம் எழுத்து, அதற்குமேல் உடல் இடங்கொடுக்கவில்லை. மேசையைச் சன்னலை நோக்கிப் போடாமல் ஓர் அலமாரியின் முதுகை நோக்கிப் போட்டுக்கொண்டார். வெளியே அவர் பெரிதும் விரும்பி வளர்த்த மயில்கள் உலாவிக்கொண்டிருக்க, அவர் பார்த்துக்கொண்டிருந்தது வெறும் பலகையை! ஒன்றும் எழுத வராத நாள்களிலும் குறித்த நேரம் முழுவதும் அங்கேயே அமர்ந்திருப்பதுண்டு. வருவது வரும்போது தாம் அங்கே இருக்கவேண்டும் என்பது அவர் எண்ணம். திருப்பலிக்குப் பின் ஆலயத்தில் அமைதியாக அமர்ந்திருக்கும் முதியவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அவர்களைக் கேட்டாலும் ஏறத்தாழ இதையேதான் சொல்வார்கள்.

'வைஸ் பிளட்' 1952 மே மாதம் வெளிவந்தது. போரிலிருந்து திரும்பிய ஹேசல் மோட்ஸ் என்பவன் கிறிஸ்து இல்லாத திருச்சபையொன்றைப் போதித்துத் திரிந்து, இறுதியில் சுண்ணாம்பினால் தன் கண்களையே அவித்துக்கொள்ளும் கதை அது. கிறிஸ்துவை ஓட ஓட மறுப்பவனின் மறுப்பே அவரைப் பற்றிய சான்றாகிவிடுவதை இத்தனை இரக்கமின்றிச் சொன்ன முதல் நாவல் வேறொன்றை நாம் அறியோம். கண் அவிக்கும் முடிவு எப்படி வந்தது? ஃபிட்ஸ்ஜெரல்டு தம்பதியர் இல்லத்தில் தங்கியிருந்தபோது, அவர்கள் வழியே சோஃபக்ளீஸின் ஈடிப்பஸ் நாடகத்தைப் படித்தார். சிக்கியிருந்த கதைக்கு வழி திறந்தது. நூலில் குறையில்லை என்று நாம் கூறமாட்டோம். ஈனக் எமெரி என்னும் இளைஞன் வரும் பகுதிகள் வேறொரு கதையிலிருந்து பிய்ந்து வந்தவை போலவே இன்றும் நிற்கின்றன.

கோர்டனின் மேசைக்கு அதே 1951-இல் வந்த மற்றொரு கையெழுத்துப் படி வாக்கர் பெர்சியினுடையது. 1916-இல் பிறந்த பெர்சி மருத்துவம் கற்றவர். நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் பிணக்கூறாய்வு செய்துவந்த காலத்தில் காசநோய் தொற்றியது. சாரனாக் ஏரிக்கரையில் நோயாளியாகப் படுத்திருந்தபோது கீர்க்ககார்டையும் தஸ்தயேவ்ஸ்கியையும் படித்தார். மருத்துவத்தை விட்டார், 1947-இல் கத்தோலிக்கரானார். அவர் எழுதிய முதல் நாவலுக்குக் கோர்டன் மிக நீண்டதொரு கடிதத்தில் அறிவுரை கூறினார், பெர்சி திருத்தினார், எப்பதிப்பகமும் ஏற்கவில்லை. இரண்டாவது நாவலுக்கும் அதே கதி. இடையே மொழியையும் குறிகளையும் பற்றிய மெய்யியல் கட்டுரைகளை எழுதத் தொடங்கினார். அவற்றுள் முதலாவது 1954-இல் ஃபோர்டாம் பல்கலைக்கழகத்து இயேசு சபையினரின் இதழில் வந்தது. ஏறத்தாழப் பத்தாண்டு உழைப்புக்கு அச்சில் கிடைத்த பயன் இத்தகைய கட்டுரைகளே. வளர்ப்புத் தந்தை விட்டுச்சென்ற செல்வம் இருந்ததால் அவர் வயிற்றுக்காக வேறு வேலை தேட நேரவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். பொறுமை ஒரு நற்பண்பு. வாடகைக் கவலையில்லாத பொறுமை சற்று எளிதான நற்பண்பு.

மூன்றாவதாக எழுதியதே 'தி மூவிகோயர்'. நியூ ஆர்லியன்சில் பங்குத் தரகனாக இருக்கும் பிங்க்ஸ் போலிங், முப்பது வயதைத் தொடும் வாரத்தில், தவக்காலத்துக்கு முந்திய களியாட்டம் தொடங்கித் திருநீற்றுப் புதன் வரை நடப்பதைத் தன் வாயாலேயே நிகழ்காலத்தில் சொல்கிறான். நாஃப் பதிப்பகத்தின் ஸ்டான்லி காஃப்மன் சொன்னவற்றைக் கேட்டுப் பலமுறை திருத்தி எழுதினார் பெர்சி. 1961-இல் நூல் வெளிவந்தபோது அவருக்கு வயது நாற்பத்தைந்தை ஒட்டியது. பதிப்பகத்திலேயே அதைப் பெரிதாக மதித்தவர் குறைவு. ஆயினும் 1962-இல் அமெரிக்காவின் தேசிய நூல் பரிசு, ஜோசப் ஹெல்லரின் 'கேட்ச்-22' உள்ளிட்ட போட்டியாளர்களை விடுத்து, இதற்கே கிடைத்தது.

இந்நாவலின் இறுதிப் பகுதியை நாம் அடிக்கடி எண்ணிப்பார்ப்பதுண்டு. திருநீற்றுப் புதனன்று கறுப்பினத்தவர் ஒருவர் ஆலயத்திலிருந்து வெளியே வருகிறார். அவர் நெற்றியில் சாம்பல் இருக்கிறதா என்பது பிங்க்ஸுக்குத் தெளிவாகத் தெரியவில்லை. ஏன் வந்தார், வாணிபத் தொடர்புக்காகவா, இறைவனுக்காகவா என்பதும் தெரியவில்லை. ஆசிரியர் தம் நம்பிக்கையை நம் கையில் திணிக்காமல் நெற்றியின் நிறத்துக்குள் மறைத்துவைக்கிறார். மறைவாகச் சொல்லும் இந்தக் கலையைப் பெர்சி பெற்றது, வெளிவராமற்போன அந்த இரண்டு நூல்களில்தான் என்று நாம் கருதுகிறோம்.

மூன்றாமவரின் கதை வேறு. ஜான் கென்னடி டூல் 1937-இல் நியூ ஆர்லியன்சில் பிறந்தார். பதினாறு வயதில் ஒரு நாவல் எழுதி வைத்திருந்தார். அது வெளிவந்தது 1989-இல்தான். 1963-இல் போர்ட்டோ ரிக்கோவின் இராணுவ முகாமில், ஸ்பானிய மொழி பேசும் வீரர்களுக்கு ஆங்கிலம் கற்பித்தவாறே, நண்பரின் தட்டச்சுப் பொறியை இரவல் வாங்கி 'எ கான்ஃபெடரசி ஆஃப் டன்சஸ்' நாவலை எழுதினார். ஊர் திரும்பி, தொமினிக்க அருட்சகோதரிகளின் கல்லூரியில் ஆசிரியரானார். 1964-இல் கையெழுத்துப் படியை சைமன் அண்ட் ஷஸ்டர் பதிப்பகத்துக்கு அனுப்பினார். படித்தவர் ராபர்ட் காட்லீப்; 'கேட்ச்-22'-ஐ உலகுக்குத் தந்த பதிப்பாசிரியர் அவரே.

காட்லீப் புறக்கணித்தார் என்று பலர் எழுதுகின்றனர். அது நேர்மையன்று. ஏறத்தாழ இரண்டாண்டுகள் கடிதம் எழுதினார், நகைச்சுவையைப் பாராட்டினார், திருத்தங்களைச் சொன்னார். இத்தனை நகைப்பும் எதைப் பற்றியது, இதன் உட்பொருள் யாது என்பதே அவருடைய ஓயாத வினா. அது மூடத்தனமான வினா அன்று. இன்று படிக்கும் நாமும் சில அத்தியாயங்களில் அதைக் கேட்கவே செய்கிறோம். ஆனால் கதைத்தலைவன் இக்னேஷியஸ் ரைலியைப் பாருங்கள். போயத்தியுஸின் மெய்யியல் நூலைப் போற்றிக்கொண்டு, தற்கால உலகையே பழித்துக்கொண்டு, தாயின் உழைப்பில் உண்டு உறங்கும் பெருந்தீனிக்காரன். சமயச் சொற்கள் எல்லாம் அறிந்தும் அன்பு அறியாதவன். இவன் எதைப் பற்றியவன் என்று ஒரு கத்தோலிக்க வாசகருக்கு விளக்க வேண்டுமா? நம்முள் எத்தனை பேருக்கு இவன் உறவினன்! காட்லீப் உட்பொருள் தேடிய இடத்தில் ஒரு மனிதன் நின்றுகொண்டிருந்தான்.

ஓ'கானர் செல்பிக்குத் தந்த மறுமொழியை டூல் காட்லீப்புக்குத் தரவில்லை. மீண்டும் மீண்டும் திருத்த முயன்று, ஒரு கட்டத்தில் படியை எடுத்து வைத்துவிட்டார். அவருக்குக் கோர்டன் போன்ற ஒருவர் வாய்க்கவில்லை. நூலை உள்ளிருந்து படித்துக் குறை சொல்லக்கூடிய முதல் வாசகர் அவருக்குக் கிடைத்ததாகத் தெரியவில்லை. நாளடைவில் அவர் மனநலம் குன்றியது. 1969 மார்ச் 26 அன்று மிசிசிப்பியின் பிலாக்சி அருகே தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார், வயது முப்பத்தொன்று. நூல் வெளிவராததே காரணம் என்று ஒரு நேர்கோடு போடுவதை நாம் ஏற்கவில்லை. மனநோயின் ஆழம் கடிதங்களால் அளக்கத்தக்கதன்று. அத்தகையோரின் பொறுப்பை நோய் குறைக்கக்கூடும் என்றும், அவர்களுக்காகத் திருச்சபை மன்றாடுகிறது என்றும் 1992-இன் மறைக்கல்வி நூல் கூறுவதை மட்டும் இங்கே நினைவில் கொள்கிறோம். அந்தக் கடைசிப் பயணத்தில் அவர் மில்லெட்ஜ்வில்லுக்குச் சென்று, ஐந்தாண்டுகளுக்கு முன் மறைந்துவிட்ட ஓ'கானரின் இல்லத்தைத் தேடினார் என்று சொல்லப்படுகிறது.

தாயார் தெல்மா டூல் அந்தப் படியைப் பதிப்பகம் பதிப்பகமாக அனுப்பினார், ஒன்றும் ஏற்கவில்லை. 1976-இல் லயோலா பல்கலைக்கழகத்தில் கற்பித்துக்கொண்டிருந்த வாக்கர் பெர்சியைத் தொலைபேசியில் விடாமல் அழைத்தார். இறந்த மகனின் நாவலைப் படிக்கவேண்டும் என்று ஒரு தாய் கேட்டால் யாரும் அஞ்சுவர். பெர்சியும் அஞ்சினார், சில பக்கங்களிலேயே நிறுத்திவிடும் அளவுக்கு அது மோசமாக இருக்கவேண்டும் என்று விரும்பியதாக நூலின் முன்னுரையில் ஒளிக்காமல் எழுதுகிறார். கையில் கிடைத்ததோ மை பரவி எழுத்துத் தெரியாத கார்பன் படி. படிக்கத் தொடங்கினார், நிறுத்த இயலவில்லை.

முதலில் ஒரு பகுதி 1978-இல் 'நியூ ஆர்லியன்ஸ் ரிவ்யூ' இதழில் வந்தது. 1980-இல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பதிப்பகம் நூலை வெளியிட்டது. முதல் அச்சில் 2500 படிகள். அடுத்த ஆண்டு அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. தெல்மா டூல் அதன்பின் 1984-இல் தாம் இறக்கும் வரை, அழைத்த இடமெல்லாம் சென்று, மகனின் பக்கங்களை உரக்கப் படித்துக் காட்டினார்; இடையிடையே பியானோவும் வாசித்தார்.