ஆறே வாரத்தில் இரண்டு வருடப் படிப்பு!

ஆறே வாரத்தில் கிட்டத்தட்ட இரண்டு வருடப் படிப்பு! நம்ம ஊர் டுட்டோரியல் காலேஜ்கூட இப்படி போர்டு வைக்கக் கூச்சப்படும். சொன்னது உலக வங்கி.

2024 ஜூன், ஜூலையில் நைஜீரியாவின் எடோ மாநிலத்தில் ஒரு சோதனை. ஸ்கூல் விட்ட பிறகு, வாரம் இரண்டு நாள் மாணவர்களை கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, செயற்கை நுண்ணறிவின் துணையோடு ஆங்கிலம் கற்க வைத்தார்கள். ஆறு வாரம் கழித்துப் பரீட்சை. குலுக்கலில் இடம் கிடைத்தவர்கள், கிடைக்காதவர்களைவிட நன்றாகவே எழுதியிருந்தார்கள்.

சந்தோஷமான செய்திதான். ஆனால் நான் படித்தது பி.காம். லாபம் என்று யாராவது சொன்னால், எந்த டிபார்ட்மென்ட்டிலிருந்து வந்தது என்று கேட்கிற புத்தி போக மாட்டேன் என்கிறது.

இடம் கிடைக்காதவர்களுக்கு இந்தக் கூடுதல் வகுப்பே இல்லை. கிடைத்தவர்களுக்கோ கம்ப்யூட்டர் உண்டு, கூடுதல் நேரம் உண்டு, கூடவே இருந்து வழிகாட்ட ஆசிரியரும் உண்டு. மூன்று பேர் சேர்ந்து இழுத்த தேர். மாலை மட்டும் ஒருத்தர் கழுத்துக்கா? அதே ஆசிரியர், அதே நேரம், கையில் வெறும் சாக்பீஸ் என்று இன்னொரு வகுப்பையும் நடத்திப் பார்த்திருந்தால் அல்லவா மிஷினின் பங்கு எவ்வளவு என்று தெரியும்?

இன்னொன்று. இவர்கள் மேல்நிலை முதலாண்டு மாணவர்கள். ஓரளவு எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள். இந்த ரிசல்ட்டைக் காட்டி யாராவது 'ஒண்ணாங் கிளாசுக்கும் வாங்கிப் போடுங்க' என்றால், அங்கேதான் நாம் உஷாராகணும். திரையில் வருகிற பதிலைப் படிக்க, முதலில் படிக்கத் தெரிய வேண்டாமா? ஏழை மற்றும் நடுத்தர வருமான நாடுகளில், பத்து வயதுக் குழந்தைகளில் 100க்கு 70 பேருக்கு ஒரு எளிய பத்தியைப் படித்துப் புரிந்துகொள்ள முடியவில்லை. 2022ல் இந்தக் கணக்கைச் சொன்னதும் இதே உலக வங்கிதான்.

'படிக்க வேண்டாம் சார், இப்போ அதுவே பேசும்' என்பீர்கள். பேசட்டும். வீட்டில் எடோ மொழி பேசுகிற ஆறு வயசுப் பொடியனின் மழலை அதற்குப் புரியணுமே! அதுவும் ஒரு வகுப்பே சேர்ந்து கத்தும்போது.

இந்தப் பாடத்துக்கு ஏற்கெனவே ஒரு நாடு ஃபீஸ் கட்டியிருக்கிறது. பெரு. 'ஒரு குழந்தைக்கு ஒரு லேப்டாப்' திட்டத்தில், ஒன்று சுமார் 200 டாலர் என்று எட்டு லட்சத்துக்கும் மேல் வாங்கினார்கள். கிராமத்து ஆரம்பப் பள்ளிகள் 319ஐ எடுத்துக்கொண்டு செய்த ஆய்வின் முடிவு 2012ல் வந்தது. பொதுவான அறிவுத்திறனில் கொஞ்சம் முன்னேற்றம். லேப்டாப்பை இயக்கவும் கற்றுக்கொண்டார்கள். ஆனால் கணக்கிலும் மொழிப்பாடத்திலும்? வித்தியாசமே தெரியவில்லை.

மிஷினுக்கு நான் எதிரி இல்லை. என் பயமெல்லாம் பட்ஜெட்டைப் பற்றித்தான். பணம் பற்றாதபோது எதை வெட்டுவார்கள்? மிஷின் என்றால் ரிப்பன் வெட்டலாம், மந்திரி போட்டோவுக்கு நிற்கலாம். ஒரு டீச்சரைக் கூடுதலாகப் போட்டால் யார் ரிப்பன் வெட்டுவது?

அடுத்த தடவை இப்படி ஒரு சாதனைச் செய்தி படித்தால், ஒன்றே ஒன்று கேளுங்கள். பக்கத்தில் இருந்த அந்த ஆசிரியர் அடுத்த வருடமும் இருப்பாரா?