மேகத்தடியில் ஒரு சோலார் தகடு

ஜெர்மனியின் வாசர்குப்பே மலை, 950 மீட்டர் உயரம், கிளைடர் பறத்தலுக்குத் தாய்வீடு. அங்கேதான் இந்தக் கோடை முழுக்க, முதுகில் 25 வாட் சோலார் தகடு ஒட்டிய கிளப் கிளைடரில் பறந்தேன்.

எஞ்சின் இல்லாததால் மின்சாரம் தர ஜெனரேட்டரும் கிடையாது. ரேடியோ, ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று சொல்லும் வேரியோமீட்டர், மோதல் எச்சரிக்கை தரும் ஃபிளார்ம், வழிகாட்டும் திரை எல்லாம் ஒரு 12 வோல்ட் பேட்டரியை நம்பியே ஓடுகின்றன. சேர்ந்து சுமார் 1 ஆம்பியர் இழுக்கின்றன. எங்களுடைய 7 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி, வயதாகிவிட்டதால், ஐந்தாவது மணியிலேயே திணறும். மாலையில் எல்லோரும் ஒரே திடலுக்கு இறங்க வரும் நேரத்தில் ஃபிளார்ம் அணைந்தால் வயிறு கலங்கும்.

நண்பகல் வெயிலில் தகடு 1.4 ஆம்பியர் தந்தது. தெர்மலில், அதாவது மேலெழும் சூடான காற்றில், வட்டமிடும்போது அந்த எண்ணும் கூடவே ஆடும்: முதுகு சூரியன் பக்கம் சாய்ந்தால் 1.4, அரை வட்டம் போனதும் 0.5, மறுபடி 1.4. ஆனால் காற்று நன்றாகத் தூக்குவது திரள் மேகத்துக்கு அடியில். அங்கே நிழல், 0.2க்கு விழுந்துவிடும். வெயில் எழுப்பிய காற்றே மேகமாகி வெயிலை மறைக்கிறது! அப்படியும் எட்டு மணி நேரம் பறந்து இறங்கியபோது பேட்டரியில் பாதி மிச்சமிருந்தது. எனக்கு அதுவே பெரிய நிம்மதி.

இறக்கையில் ஒட்டினால் இன்னும் கிடைக்காதா என்று கேட்கிறார்கள். வேண்டாம். மேற்பரப்பின் வழவழப்புப் போனால் காற்றோட்டம் கெடும். கருந்தகடு சூடேறினால் ஃபைபரின் பிசின் இளகும். கிளைடர்களுக்கு வெள்ளை பூசுவதே அந்தச் சூட்டுக்குப் பயந்துதான்.

எங்களைப் பாடாய்ப் படுத்தியது, தகட்டுக்கும் பேட்டரிக்கும் நடுவே இருக்கும் சார்ஜ் கன்ட்ரோலர். முதலில் வாங்கிய மலிவானது, வெயில் பட்டதும் ரேடியோவில் இரையத் தொடங்கியது. திடலிலிருந்து பேசுபவரின் குரல் அதில் அமுங்கியது. கழற்றிவிட்டு, இரைச்சல் வடிகட்டி உள்ளதைப் போட்டோம். லித்தியம் பேட்டரிக்கு மாறுபவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: உயரத்தில் குளிர் 0 டிகிரிக்குக் கீழே போகும்போது அதைச் சார்ஜ் செய்தால் கெட்டுவிடும். அந்தக் குளிரில் தானாகத் துண்டிக்கும் வசதி கட்டாயம்.

கிளப்பின் இரண்டாவது கிளைடருக்கும் இதே தகட்டை வாங்கச் சொல்லியிருக்கிறேன். கன்ட்ரோலரை மட்டும் வெயிலில் வைத்து, பக்கத்தில் ரேடியோவைப் போட்டுக் காதால் கேட்ட பிறகே காசு கொடுப்போம்.