வெஸ்லியின் மூன்று விதிகளும் நமது 'சேமிப்பும்'

கிறிஸ்தவக் குடும்பம் தன் வரவு செலவை எவ்வாறு நடத்த வேண்டும் என்ற வினா எழும்போது, திருச்சபையார் அடிக்கடி நினைவுகூரும் பழைய அருளுரைகளுள் ஒன்று ஜான் வெஸ்லி (1703–1791) எழுதிய 'பணத்தின் பயன்பாடு' என்பதாகும். லூக்கா 16:9ஐ அடிப்படையாகக் கொண்ட இவ்வருளுரை 1760இல் அச்சாயிற்று. ஈட்டுதல், சேமித்தல், கொடுத்தல் என்னும் மூன்று விதிகளில் அதன் கருத்து அடங்கும். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது மெதடிஸ்டு திருச்சபையின் தென்னிந்திய மாகாணமும் அதில் இணைந்தமையால், இவ்வருளுரை நமக்கும் உரிய உடைமையே. எனினும் அதன் மூன்று சொற்கள் நம் நினைவில் நிலைத்த அளவுக்கு அதன் உள்ளடக்கம் நிலைக்கவில்லை. அதனை மீண்டும் படித்து, அதன் வலிமையையும் குறையையும் சீர்தூக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. ஈட்டுதலுக்கு இட்ட வேலி

முதல் விதியைத் தனியே கேட்போர், பொருளாசைக்கு வெஸ்லி இசைவு அளித்துவிட்டார் என்றே எண்ணுவர். ஆனால் அவ்விதியைத் தொடர்ந்து வருவன தடைகளே. தன் உடல்நலத்துக்குக் கேடு செய்யும் தொழிலால் பொருள் ஈட்டலாகாது. பாஷாணத்தையும் ஈயம் உருக்கும் ஆவியையும் அவர் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறார். மனச்சான்றை மழுங்கச் செய்யும் வாணிபம் கூடாது. அயலானின் உடைமையைக் கரைக்கும் வழியும் கூடாது. அடகுத் தொழில் முற்றிலும் விலக்கப்படுகிறது. சந்தை விலைக்குக் கீழே விற்று அடுத்த கடைக்காரனின் பிழைப்பைக் கெடுப்பதும் சகோதர அன்புக்கு மாறானது. மதுவிற்றுச் சேர்த்த செல்வத்தைக் குறித்து அவர் எழுதியுள்ள பகுதி, தீர்க்கதரிசிகளின் சினத்தை நினைவூட்டும்.

பொருளின் அளவைக் கேட்பதற்கு முன் அதன் ஊற்றைக் கேட்பது வெஸ்லியின் வழி. நம் குடும்பங்களில் இவ்வினா அருகிவிட்டது. ஒரு நிதி நிறுவனம் எவ்வளவு வட்டி தரும் என்று கேட்கிறோம். அவ்வட்டி எவருடைய உழைப்பிலிருந்து வருகிறது என்று கேட்பதில்லை. மிகுந்த வட்டியை நம்பி முதலையே இழந்தோர் பெருகியதனாலன்றோ, வைப்பீட்டாளர் நலனைக் காக்கத் தமிழ்நாட்டில் 1997இல் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது?

2. 'சேமித்தல்' என்னும் சொல்

இரண்டாம் விதியே தமிழில் பெரிதும் இடறலாயிற்று. வெஸ்லி கையாளும் ஆங்கிலச் சொல்லுக்குச் செலவைக் குறைத்து மிச்சப்படுத்துதல் என்ற பொருளும் உண்டு. சேர்த்து வைத்தல் என்ற பொருளும் உண்டு. அவர் கொண்டது முன்னதையே. நாவின் சுவைக்கும், பகட்டான ஆடைக்கும், வீட்டு அலங்காரத்துக்கும், பிறர் மெச்சுதலுக்கும் பணத்தை இறைக்காதே என்பது அவ்விதியின் சாரம். தமிழில் 'சேமி' என்றவுடன் வங்கிப் புத்தகமும் நகைப்பெட்டியும் வீட்டுமனையும் நம் கண்முன் நிற்கின்றன. பெட்டியிலோ இங்கிலாந்து வங்கியிலோ பணத்தை முடக்குவது அதனை மண்ணில் புதைப்பதற்கு ஒப்பாகும் என்பது இதே அருளுரையில் அவர் கூறும் கருத்து! முதல் இரு விதிகளும் மூன்றாம் விதிக்கு ஏறும் படிகள். நாமோ படியிலேயே குடியேறிவிட்டோம். 'சிக்கனம்' என்ற சொல்லை ஆண்டிருப்பின் இவ்விடர் ஓரளவு நீங்கியிருக்கும்.

எனினும் பழியைத் தமிழ்ச் சொல்லின்மீது மட்டும் சுமத்துதல் நேர்மையாகாது. பக்தி உழைப்பையும் சிக்கனத்தையும் பிறப்பிக்கும், அவை செல்வத்தைப் பிறப்பிக்கும், செல்வமோ பக்தியைக் கொன்றுவிடும் என்று வெஸ்லியே 1786இல் அஞ்சி எழுதினார். மாக்ஸ் வேபர் தம் புகழ்பெற்ற ஆய்வில் எடுத்தாண்டது இப்பகுதியையே. 1789ஆம் ஆண்டு அருளுரை ஒன்றில், முதல் விதியைக் கைக்கொள்வோர் பலராயிருக்க மூன்றாவதைக் கைக்கொள்வோர் மிகச் சிலரே என்று முதிய வெஸ்லி புலம்புகிறார். அவருடைய மொழியையே பேசிய அவருடைய மக்களிடத்தும் விதி முறிந்தது. ஏன்?

3. குடும்பம் எங்கே?

தன் பணத்தைத் தானே முடிவு செய்யும் தனி மனிதனை நோக்கியே வெஸ்லி பேசுகிறார் என்பது நமது கணிப்பு. 1787இல் அவர் எடுத்துக்காட்டிய இளைஞர், ஆண்டுக்கு 30 பவுன் பெற்றபோது 28 பவுனில் வாழ்ந்து 2 பவுன் கொடுத்தார். வருவாய் 60, 90, 120 என உயர்ந்தபோதும் 28இலேயே வாழ்ந்து எஞ்சியதை ஈந்தார். அவ்விளைஞர் வெஸ்லியே என்பது பொதுவாக ஏற்கப்படும் கருத்து. உயர்ந்த சான்றே, ஆயின் அது ஆக்ஸ்ஃபோர்டு கல்லூரியில் மனைவி மக்களின்றி வாழ்ந்தவரின் கணக்கு. 1751இல் அவர் ஒரு கைம்பெண்ணை மணந்தார். அவர்களுக்குப் பிள்ளைகள் பிறக்கவில்லை. நம் வீடுகளில் பணம் ஒருவரின் மனச்சான்றுக்கு மட்டும் உட்பட்டதன்று. முதிய பெற்றோரின் மருந்தும், தங்கையின் திருமணமும், பிள்ளையின் கல்லூரிக் கட்டணமும் ஒரே சம்பளத்தில் பங்கு கேட்கின்றன.

வெஸ்லி இதனை முற்றிலும் உணராதவர் அல்லர். 1781இல் வெளியான 'செல்வத்தின் ஆபத்து' என்னும் அருளுரையில், வீட்டாரின் தேவை, தொழிலுக்கு வேண்டிய முதல், தனக்குப்பின் பிள்ளைகளுக்கு வேண்டியது, கடனின்றி வாழ்தல் ஆகிய நான்கையும் அவர் ஒப்புக்கொள்கிறார். ஓய்வுபெறும் நாளில் குருமனையை விட்டு வெளியேற வேண்டிய ஆயர், தலைசாய்க்க ஒரு சிறு வீட்டுக்காகச் சேர்ப்பது இவ்வரம்புக்குள் அடங்கும். ஆகவே 1760ஆம் ஆண்டு அருளுரையை 1781ஆம் ஆண்டு அருளுரையோடு சேர்த்தே படித்தல் வேண்டும்.

இரண்டும் தொடாத ஒன்று நம்மிடம் உண்டு. மகளின் திருமணத்துக்கென ஒரு தாய் குன்றிமணி குன்றிமணியாய்ப் பொன் சேர்க்கிறாள். அவளைப் பொருளாசை பிடித்தவள் எனக் கடிந்துகொள்ளும் பிரசங்கம் எளிது. ஆனால் அவளைச் சேர்க்க வைத்தவர்கள் அதே ஆலயத்தில் அடுத்த இருக்கையில் அமர்ந்து ஆமென் சொல்லுகிறார்கள். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இலேயே வந்துவிட்டது. மூன்றாம் விதியை மணமகன் வீட்டாருக்கு முதலில் போதித்த பின்னரே, அத்தாயின் நகைப்பெட்டியைப் பற்றிப் பேச நமக்கு உரிமை உண்டு.

4. மிச்சமில்லாதோர்

அருளுரையின் மற்றொரு குறை, கேட்போரிடம் மிச்சம் இருக்கிறது என்று அது கொள்வதாகும். மாத முடிவுக்கு முன்பே கடன் வாங்குவோருக்கு அது என்ன கூறும்? கடனின் கொடுமை வெஸ்லியின் இல்லத்துக்குப் புதிதன்று. அவருடைய தந்தை சாமுவேல், குருவாயிருந்தபோதே கடனுக்காக 1705இல் லிங்கன் சிறையில் அடைக்கப்பட்டார். அருளுரை விடையளிக்காத இவ்வினாவுக்கு வெஸ்லியின் செயல் விடையளித்தது. 1746இல் அவர் இலண்டனில் ஏழைகளுக்கென ஒரு கடன்நிதி தொடங்கினார். 20 ஷில்லிங் வரை பெற்று மூன்று மாதத்திற்குள் திருப்பிச் செலுத்தலாம். அடகுக் கடைக்குப் போகாதே என்று சொன்னவர், போகாதிருக்க ஒரு வழியையும் திறந்தார். அவ்வருளுரைக்கு இதனைவிடச் சிறந்த விளக்கவுரை இல்லை.

5. முடிவுரை

செய்யவிருக்கும் செலவைக் குறித்து ஐயம் எழும்போது நான்கு வினாக்களைக் கேட்குமாறு வெஸ்லி அறிவுறுத்துகிறார்: இதில் நான் உடைமையாளனாக நடக்கிறேனா, உக்கிராணக்காரனாகவா? தேவ வசனத்துக்குக் கீழ்ப்படிந்தே செய்கிறேனா? இதனைக் கிறிஸ்துவின் வழியாகக் காணிக்கையாக்க முடியுமா? உயிர்த்தெழுதலின் நாளில் இதற்குப் பலன் உண்டா? இவற்றில் மாற்ற வேண்டியது ஒன்றே. 'நான்' என்பது 'நாம்' ஆக வேண்டும். கணவனும் மனைவியும் வளர்ந்த பிள்ளைகளும் கணக்கேட்டை நடுவில் வைத்து இவ்வினாக்களைக் கேட்கட்டும். திருமண ஓலை வாசிக்கும் முன் ஆயர் இரு வீட்டாரிடமும் கேட்கட்டும். ஆண்டு வரவு செலவுத் திட்டத்தை நிறைவேற்றும் முன் சபைக் குழுவும் கேட்கட்டும். தன் வைப்புநிதியின் வட்டி எங்கிருந்து வருகிறது என்று கேட்கத் துணியாத சபை, ஏழையின் வீட்டுக் கணக்கைத் திருத்தப் புறப்படுதல் தகாது.