திறப்பைக் கொடுக்காத மனிசன்

பில்லி வைல்டர் இயக்கி 1960இல் வெளிவந்த 'தி அபார்ட்மென்ட்', சிறந்த படம் உட்பட ஐந்து ஒஸ்கார் விருதுகளைப் பெற்றது. நல்லாச் சிரிக்கலாம் என்று நண்பரொருவர் சொன்னதால் பார்க்க உட்கார்ந்தேன். சிரித்தேன்தான். ஆனால் மனதில் தங்கியது ஒரு வீட்டுத் திறப்பு.

பக்ஸ்டர் நியூயோர்க் காப்புறுதிக் கம்பனியொன்றில் சாதாரண ஊழியன். தலைமைக் கந்தோரில் மட்டும் 31,259 பேர். இருந்தும், இரவில் கூட இருந்து சாப்பிட அவனுக்கு ஒருத்தருமில்லை. பதவி உயர்வுக்காகத் தன் வீட்டுத் திறப்பை மேலதிகாரிகளுக்குக் கொடுக்கிறான். அவர்கள் கள்ள உறவுக்கு அந்த வீட்டைப் பாவிக்க, வீட்டுக்காரன் வெளியே குளிரில் நிற்கிறான். கூட்டத்தோடு சேர அவன் கொடுக்கும் விலை அது.

மேலதிகாரி ஷெல்ட்ரேக்கை நம்பி ஏமாந்த பிரான், லிஃப்ட் இயக்கும் பெண். நத்தாருக்கு முந்திய இரவு, அதே வீட்டில் நித்திரைக் குளிசைகளை விழுங்கிவிடுகிறாள். ஓடிவந்து காப்பாற்றுபவர் அடுத்த வீட்டு டொக்டர். சுவருக்கு அப்பால் கேட்ட சத்தங்களை வைத்து, பக்ஸ்டரைக் கெட்டவன் என்றே நினைத்திருப்பவர் அவர். அப்படியிருந்தும் வருகிறார். அவர் மனைவியும் சூப் கொண்டுவந்து கொடுக்கிறார்.

டொக்டர் பக்ஸ்டரைக் கண்டிக்கும்போது 'மென்ஷ்' என்ற யித்திஷ் சொல்லைச் சொல்கிறார். மனிசன் என்று பொருள். "அவரல்லவா மனிசன்" என்று நாம் சொல்லும்போதும் குணத்தைத்தானே சொல்கிறோம்!

இதைக் காதல் படம் என்பார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. இங்கே தனிமையை முதலில் உடைப்பது காதலல்ல, அயல்வீட்டுக் கதவு.

ஒரு குறையும் சொல்லவேண்டும். பக்ஸ்டரின் வீட்டில் மூலைமுடுக்கெல்லாம் காட்டும் படம், பிரானின் வீட்டை ஒருதரமும் காட்டவில்லை. அவளுடைய தனிமையை நாம் அவனுடைய அறையில் வைத்தே அறிகிறோம்.

கடைசியில் ஷெல்ட்ரேக் மீண்டும் திறப்பைக் கேட்கிறார். பக்ஸ்டர் நீட்டுவது, உயரதிகாரிகளுக்கென்று கந்தோரில் ஒதுக்கிய கழிவறையின் திறப்பை! அத்தோடு வேலையும் போகிறது. 31,259 பேருக்குள் கிடைக்காத இடம் அன்றிரவு அவனைத் தேடி வருகிறது. அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பாதியில் விட்ட சீட்டாட்டத்தைத் தொடர்கிறாள் பிரான்.